மருந்தடிக்கும் அப்பாவும் பிறக்கப்போகும் பிள்ளையும்: ஏலமலைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கம்பம், தேவாரம், போடி பக்கமிருந்து விடிவதற்கு முன்பே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குப் போய்ப் பொழுது சாயும்போது திரும்புகிறவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். நெடுங்கண்டம், வண்டன்மேடு, உடும்பன்சோலை, பூப்பாறை என்று மலைமேலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் நிறைய. கிராம சுகாதார செவிலியராக இந்த வீடுகளுக்குப் பல வருடம் போய்வந்தவள் நான்.

கர்ப்பிணியிடம் ஆயிரம் கேள்வி கேட்கிறோம். என்ன சாப்பிட்டாய், இரும்புச்சத்து மாத்திரை போட்டாயா, கால் வீங்குகிறதா, பிள்ளை அசைகிறதா என்று. பக்கத்தில் நிற்கும் கணவரிடம் "உங்களுக்கு என்ன வேலை, உடம்பில் என்ன படுகிறது?" என்று கேட்கும் வழக்கம் எங்கும் இல்லை. பிறப்பைப் பதிவு செய்யும் படிவத்தில் தகப்பனார் தொழில் என்று ஓர் இடம் இருக்கிறது. பெரும்பாலும் அதில் "கூலி" என்று எழுதி முடித்துவிடுவார்கள். தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பவர், பேட்டரிக் கடையில் ஈயம் உருக்குபவர், பெயின்டர், வெல்டர் எல்லோரும் கூலிதான். நாளைக்கு யாராவது அந்தப் பதிவேட்டைப் புரட்டினால் அதிலிருந்து ஒன்றும் தெரியவராது.

வீடுகளிலும் முகாம்களிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும் பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன்.

பிள்ளையைச் சுமப்பது அம்மா. அப்பா பார்க்கும் வேலை எப்படிப் பிள்ளையைத் தொடும்?

மூன்று வழிகளில் தொடலாம். முதலாவது, விந்தணு வழியாக. பிள்ளைக்குப் போகும் மரபுப் பொருளில் பாதி அப்பாவுடையது. விந்தணு உருவாகும்போது சில ரசாயனங்கள் அதன் எண்ணிக்கையைக் குறைக்கும், சில அதன் மரபணுவில் முறிவு உண்டாக்கும். சில, மரபணுவை மாற்றாமல் அது வேலை செய்யும் விதத்தை மட்டும் மாற்றிவிடும்.

இரண்டாவது, விந்து நீர் வழியாக. ஈயமும் சில பூச்சிமருந்துகளும் விந்து நீரில் கலந்திருப்பதைப் பரிசோதனைகளில் கண்டிருக்கிறார்கள். இந்த வழியில் போகும் அளவு சிறியது.

மூன்றாவது, சட்டை, லுங்கி, கை, தலைமுடி, செருப்பு, சாப்பாட்டுப் பை. தோட்டத்தில் பட்டதெல்லாம் இவற்றோடு வீட்டுக்கு வருகிறது. கர்ப்பிணி அந்தத் துணியைத் துவைக்கிறாள். பிறந்த பிள்ளையை அப்பா அதே சட்டையோடு தூக்குகிறார்.

விந்தணு வழியைப் பற்றித்தான் எல்லோரும் பயந்து கேட்கிறார்கள். அதில் இன்னும் தெளிவாகாத விஷயங்கள் பல உண்டு. துணி வழியில் சந்தேகம் குறைவு, அதைத் தடுப்பதும் நம் கையிலேயே இருக்கிறது. அதனால் இந்தப் பக்கத்தில் அதைப் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன்.

பிள்ளைக்கு முயற்சி செய்யும்போது மூன்று மாதம் மருந்தடிக்காமல் இருக்கச் சொல்கிறார்களே, அது எதற்கு?

ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும். அதன்பின் முதிர்ந்து வெளியே வரக் கிட்டத்தட்ட இரண்டு வாரம். விதைத்ததிலிருந்து அறுவடை வரைக்கும் மூன்று மாதம் என்று குறுகிய காலப் பயிர்க் கணக்குப் போடுகிறோமே, அதே கணக்கு. இன்று கருத்தரித்தால் அதற்கான விந்தணு மூன்று மாதத்துக்கு முன்பே உருவாகத் தொடங்கியிருக்கும். அந்தக் காலத்தில் உடம்பில் பட்டதுதான் கணக்கில் வரும்.

இதில் ஆறுதலான விஷயமும் இருக்கிறது. பெண்ணின் முட்டைகள் அவள் பிறக்கும்போதே உடம்பில் உள்ளவை. ஆணுக்கு விந்தணு தினமும் புதிதாக உருவாகிறது. மருந்தடிப்பதை நிறுத்தினால் பெரும்பாலும் மூன்று மாதத்தில் புதிய விந்தணுக்கள் வந்துவிடும். ஈயம் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அது எலும்பில் போய்த் தங்கி, வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குள் வந்துகொண்டிருக்கும்.

இதெல்லாம் நிரூபணமானதா, வெறும் பயமா?

சில விஷயங்கள் நிரூபணமானவை, சிலவற்றுக்கு அறிகுறிகள் மட்டும் உண்டு, சிலவற்றைத் தேடிப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றையும் கலந்துவிட்டால் தேவையில்லாத பயமும் வரும், தேவையில்லாத தைரியமும் வரும்.

நிரூபணமானதற்குப் பெரிய உதாரணம் டிபிசிபி என்ற, மண்ணில் உள்ள நூற்புழுவைக் கொல்லும் மருந்து. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் லாத்ரோப் ஊரில் அதைத் தயாரித்த தொழிற்சாலையில், "நம்மில் ஒருவருக்கும் பிள்ளை பிறக்கவில்லையே" என்று தொழிலாளர்களே தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தொடங்கினார்கள். 1977இல் பரிசோதித்தபோது பலருக்கு விந்தணு மிகக் குறைவு, சிலருக்கு ஒன்றுகூட இல்லை. அந்த மருந்து எலியின் விந்தகத்தைச் சுருக்குகிறது என்ற ஆய்வு 1961இலேயே வெளியாகியிருந்தது. தொழிலாளர்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. 1979இல் அங்கே அதன் பெரும்பாலான பயன்பாடுகளுக்குத் தடை வந்தது. அதற்குப் பிறகும் கோஸ்டாரிகா போன்ற நாடுகளின் வாழைத் தோட்டங்களில் வேலை செய்த ஆயிரக்கணக்கான ஆண்கள் அதே பாதிப்புக்காக வழக்கு நடத்தினார்கள். லேசாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு வேலையை விட்ட பிறகு விந்தணு திரும்பியது. முழுவதும் அற்றுப்போனவர்களில் பலருக்குத் திரும்பவேயில்லை. இந்தக் கதையை மருந்தடிக்கும் தம்பிகளுக்கு நான் மறுபடி மறுபடி சொல்வதுண்டு. அதைக் கண்டுபிடித்தது, ஒன்றாக வேலை பார்த்தவர்கள் கூச்சப்படாமல் பேசிக்கொண்ட பேச்சு.

அறிகுறி உள்ளவற்றில் ஒன்று குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய். பல நாடுகளில் நடந்த 13 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2014இல் ஒரு கணக்குப் போட்டார்கள். கருத்தரிக்கும் காலத்தில் அப்பா வேலையிடத்தில் பூச்சிமருந்தோடு புழங்கியிருந்தால், பிள்ளைக்கு ஒரு வகை ரத்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 20 சதவீதம் கூடியிருந்தது. கேட்டதும் பதறத் தோன்றும். ஆனால் அது லட்சம் குழந்தைகளில் வருடத்துக்கு மிகச் சிலருக்கு வரும் நோய். அந்த மிகச் சிலரில் 20 சதவீதம் கூடுதல் என்றால், மருந்தடிக்கும் அப்பாக்களின் பிள்ளைகளிலும் மிகப் பெரும்பாலோருக்கு அது வராது. அதே ஆய்வில், கர்ப்பகாலத்தில் அம்மா மருந்தோடு புழங்கியபோது இன்னொரு வகை ரத்தப் புற்றுநோய் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. தோட்டத்தில் மருந்து கலக்கத் தண்ணீர் சுமக்கும் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தேடியும் கிடைக்காததற்கு ஹிரோஷிமா, நாகசாகி. அணுகுண்டிலிருந்து உயிர் தப்பியவர்களுக்குப் பின்னால் பிறந்த எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் கவனித்தும், பெற்றோர் பட்ட கதிர்வீச்சால் பிறவிக் குறைகள் கூடியதாகத் தெரியவில்லை. இங்கிலாந்தில் செல்லாஃபீல்டு அணு ஆலை அப்பாக்களின் கதிர்வீச்சு அளவுக்கும் பிள்ளைகளின் ரத்தப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாக 1990இல் ஓர் ஆய்வு சொன்னது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. ஓர் ஆய்வைப் பார்த்துவிட்டு முடிவு கட்டக்கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன்.

காசர்கோட்டில் நடந்தது நமக்கும் நடக்குமா?

காசர்கோட்டில் கேரள அரசின் தோட்டக் கழகத்துக்குச் சொந்தமான முந்திரித் தோட்டங்களில் 1970களின் கடைசியிலிருந்து 2000 வரைக்கும் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். மருந்து வீட்டுக் கூரை, கிணறு, ஓடை எல்லாவற்றிலும் விழுந்தது. அம்மா, அப்பா, பிள்ளை என்று எல்லோரும் வருடக்கணக்கில் அதற்குள்ளேயே வாழ்ந்தார்கள். அந்த ஊர்களில் பல பிள்ளைகள் குறைகளோடு பிறந்தார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் எண்டோசல்பானுக்குத் தடை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி 2017இல் உத்தரவிட்டது.

ஏலத்தோட்டத்தில் ஹெலிகாப்டர் இல்லை. கையில் ஓஸ் பிடித்து அடிக்கிறோம். அதனால் ஊருக்கே படுவதைவிட அடிக்கிறவர் மேல் படுவதுதான் அதிகம். ஆனாலும் ஓடைக்குப் பக்கத்தில் டிரம் வைத்து மருந்து கலக்குவதும், மிச்சத்தை அங்கேயே கொட்டுவதும், லயத்துக்கு, அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு, ஒட்டினாற்போல் அடிப்பதும் எங்கும் பார்க்கிற காட்சி. அப்படி இருக்கும் இடத்தில் காசர்கோட்டை நினைத்துப் பயப்படுவதில் தப்பில்லை.

டப்பாவில் பச்சை முக்கோணம் போட்டிருக்கிறது. அப்படியானால் ஆபத்தில்லைதானே?

இந்த நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற நிறங்கள், ஒரே தடவையில் உள்ளே போனால் எவ்வளவு வேகமாக ஆளைக் கொல்லும் என்பதை மட்டும் சொல்கின்றன. சிவப்பு மிகக் கொடியது, பச்சை மெதுவானது. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டால் விந்தணுவுக்கும் கருவுக்கும் என்ன ஆகும் என்பதற்கு அந்த நிறத்தில் பதில் கிடையாது. பச்சை டப்பாவுக்கும் கையுறை போடுங்கள்.

எந்த மருந்துகள் அதிகக் கவலைக்குரியவை?

குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ், மோனோகுரோட்டோபாஸ் எல்லாம் ஒரே குடும்பம். நரம்பைத் தாக்குபவை. மருந்தடிக்கும் ஆண்களிடம் விந்தணுக் குறைவையும் மரபணு முறிவையும் காட்டிய ஆய்வுகள் இந்தக் குடும்பத்தைப் பற்றித்தான் அதிகம். கார்போபியூரான், அதாவது கடையில் பியூரடான் என்று கேட்டு வாங்குவது, இன்னொரு குடும்பம். வேலை ஏறக்குறைய அதே வேலை.

கேரளம் 2011இல் கார்போபியூரான், போரேட், மோனோகுரோட்டோபாஸ், புரோபெனோபாஸ் உள்ளிட்ட 14 மருந்துகளைத் தடை செய்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் அவற்றில் சில கடையில் கிடைக்கும். மலைக்கு மேலே தடை, கீழே விற்பனை. நடுவில் நிற்பது நம் ஆட்கள். ஜீப்பில் பெயர் தெரியாத கேன் ஏற்றச் சொன்னால் "இது என்ன மருந்து?" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. லேபிள் கிழித்த கேனைத் தொடாதீர்கள்.

துரிசும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை, அழுகல் நோய்க்கு அடிப்பது, இந்த விஷயத்தில் அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

முகத்தில் துண்டு கட்டிக்கொண்டுதான் அடிக்கிறேன். போதாதா?

போதாது. மூக்கு வழியாகப் போவதைவிடத் தோல் வழியாகப் போவதுதான் மருந்தடிப்பவருக்கு அதிகம். ஈரத் துண்டு மருந்தை உறிஞ்சி முகத்தோடு ஒட்ட வைத்துக்கொள்ளும்.

ஏலத்துக்கு மருந்தடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். காய் பிடிக்கும் சரம் தூரிலிருந்து தரையோடு படர்ந்து கிடக்கும், தட்டையோ, அதாவது செடியின் தண்டோ, ஆளை விட உயரம். ஒருவர் முன்னால் மருந்து தெளிக்கும் துப்பாக்கியைப் பிடித்துக் கீழேயும் மேலேயும் அடிப்பார், பின்னால் இரண்டு பேர் சரிவில் ஓஸை இழுத்துக்கொண்டு போவார்கள். இலையில் பட்டது எல்லாம் திரும்பித் தொடையிலும் இடுப்பிலும் சொட்டும். அரை மணி நேரத்தில் லுங்கி நனைந்துவிடும். அந்த ஈர லுங்கியோடு மதியம் வரைக்கும் நிற்கிறார்கள்.

பாரத்தியான் என்ற பூச்சிமருந்தை வைத்து, உடம்பின் எந்த இடத்துத் தோல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. முன்கையைவிட விதைப்பைத் தோல் ஏறக்குறைய 12 மடங்கு உறிஞ்சியது. உடம்பிலேயே அதிகமாக உறிஞ்சும் இடம் அதுதான். முகத்தை மூடிவிட்டு ஈர லுங்கியோடு நிற்பவருக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். கூச்சம் பார்த்து எத்தனை நாள் சொல்லாமல் இருப்பது?

செய்ய வேண்டியது: லுங்கி வேண்டாம், முழுக்கால் பேன்ட். அதன்மேல் இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை ஒரு ரெக்சின் அல்லது பிளாஸ்டிக் முன்மறைப்பு. கம்பூட்ஸ் போட்டு, பேன்ட்டை அதற்கு வெளியே விட வேண்டும். உள்ளே விட்டால் வழிகிற மருந்து பூட்ஸுக்குள் இறங்கும். ரப்பர் கையுறை. துணிக் கையுறை நனைந்தால் வெறுங்கையைவிட மோசம். முதுகில் மாட்டும் டேங்க் கசிந்தால் அன்றைக்கு அதைத் தொடாதீர்கள். நனைந்துவிட்டால் வேலையை நிறுத்தி, சோப்புப் போட்டுக் கழுவி, உடை மாற்ற வேண்டும். ஒன்றுக்குப் போவதற்கு முன் கை கழுவுங்கள். போன பிறகு கழுவுவது எல்லோருக்கும் பழக்கம், முன்னால் கழுவுவதுதான் இங்கே முக்கியம்.

வேலைத் துணியை யார் துவைப்பது?

கர்ப்பிணி துவைக்கக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அவரவர் துணியை அவரவரே துவைக்கட்டும். "ஆம்பளை துவைக்கிறதா" என்று மாமியார் முகம் சுளித்தால், வயிற்றில் இருப்பது அவர் பேரப்பிள்ளை என்று சொல்லுங்கள்.

தோட்டத்திலேயே உடை மாற்றி, வேலைத் துணியைத் தனி பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவர வேண்டும். வீட்டில் அதை மற்ற துணியோடு ஊறப்போடக் கூடாது. பையிலிருந்து நேராக வாளியில் கொட்டி, முதலில் வெறும் தண்ணீரில் அலசி, பிறகு சோப்புத்தூளில் இரண்டு தடவை, முடிந்தால் வெந்நீரில். நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். அந்த வாளியைப் பிள்ளையைக் குளிப்பாட்ட எடுக்காதீர்கள். கலக்காத மருந்தே நேராகக் கொட்டிய சட்டையானால் துவைக்க வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

மருந்து வந்த கேனைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைக்கும் வீடுகளை இன்றைக்கும் பார்க்கிறேன். எத்தனை தடவை கழுவினாலும் அந்த பிளாஸ்டிக்கில் மருந்து ஊறித்தான் இருக்கும். ஓட்டை போட்டுவிடுங்கள். அப்போதுதான் வேறு யாரும் எடுக்க மாட்டார்கள்.

சாயங்காலம் எல்லோரும் ஒரே ஜீப்பில்தான் வருகிறோம். அதில் கர்ப்பிணிப் பெண்களும் வருகிறார்களே?

ஆமாம். காய் எடுக்கும் பெண்கள், களை வெட்டியவர்கள், மருந்தடித்தவர்கள் எல்லோரும் மடியோடு மடியாக நெருக்கியடித்துத்தான் வருகிறார்கள். மருந்தடித்தவர் உடை மாற்றாமல் ஏறினால், அவர் வீட்டுக்கு மட்டுமல்லாமல் அடுத்த வீட்டுக்கும் மருந்து போய்ச் சேரும். காலையில் ஏறும்போதே மாற்று உடை இருக்கிறதா என்று டிரைவரோ கங்காணியோ ஒரு வார்த்தை கேட்டால், சில நாட்களில் அது வழக்கமாகிவிடும்.

எனக்கு நாலாம் மாதம் நடக்கிறது. இவர் இத்தனை நாளும் மருந்தடித்துக்கொண்டுதான் இருந்தார். இப்போது என்ன செய்வது?

முதலில், பதற வேண்டாம் தங்கச்சி. மருந்தடிக்கும் அப்பாக்களின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நல்லபடியாகவே பிறக்கிறார்கள். இதற்குப் பயந்து கருவைக் கலைக்க யோசிக்கவே வேண்டாம். அப்படி யோசித்தவர்களை எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

இன்றிலிருந்து துணி, கை, குளியல் மூன்றையும் சரி செய்யுங்கள். 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். முதுகுத்தண்டு, இதயம், கை கால் எல்லாவற்றையும் அதில் பார்ப்பார்கள். அதற்குப் போகும்போது கணவரின் வேலையை டாக்டரிடம் சொல்லுங்கள். பிரசவம் வரைக்கும் உறவின்போது ஆணுறை பயன்படுத்தலாம். விந்து நீர் வழியாக வரும் சிறிய அளவையும் அது தடுக்கும், செலவும் ஒன்றுமில்லை.

அடுத்த பிள்ளைக்குத் திட்டமிடும்போது போலிக் அமில மாத்திரையைக் கருத்தரிப்பதற்கு ஒரு மாதமாவது முன்பே தொடங்குங்கள், தினம் 400 மைக்ரோகிராம். குழந்தையின் முதுகுத்தண்டு மூடிக்கொள்வது கரு உண்டான 28 நாளுக்குள் முடிந்துவிடும். நாள் தள்ளிப்போய், பரிசோதித்து, பதிவு செய்து மாத்திரை வாங்குவதற்குள் அந்த நாட்கள் போய்விடும்.

எங்கள் பையன் உதடு பிளந்து பிறந்தான். நான் மருந்தடித்ததுதான் காரணமா?

ஒரு குழந்தையைக் காட்டி "இதனால்தான் இப்படி" என்று யாராலும் சொல்ல முடியாது. எந்த ஊரிலும், எந்த வேலை பார்க்கும் அப்பாவுக்கும், நூறு பிள்ளைகளில் 2, 3 பேர் ஏதாவது ஒரு பிறவிக் குறையோடு பிறக்கிறார்கள். அவற்றில் பாதிக்கு மேல் காரணம் கண்டுபிடிக்கப்படுவதே இல்லை. மரபு, சத்துக் குறைவு, காய்ச்சல், மாத்திரை, சர்க்கரை, புகை என்று பலதும் சேர்ந்து செய்யும் வேலை அது. நம் பக்கம் அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டும் வழக்கம் இருக்கிறது. மாமன் மகள், அத்தை மகன் திருமணத்தில் பிறவிக் குறை வாய்ப்பு 2, 3 சதவீதம் கூடும். அக்கா மகள் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதல்.

அமெரிக்காவில் போர்வீரர்களுக்கு நடந்ததைப் பாருங்கள். வியட்நாம் போரில் ஏஜென்ட் ஆரஞ்ச் என்ற களைக்கொல்லி பட்ட வீரர்களின் பிள்ளைகளில் முதுகுத்தண்டுப் பிளவு இருப்பவர்களுக்கு உதவித்தொகை கொடுக்க 1996இல் சட்டமே வந்தது. ஓர் அறிவியல் குழுவின் அறிக்கையை வைத்துத்தான் அந்தச் சட்டம் வந்தது. ஆனால் அந்தத் தொடர்புக்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று அதே குழுவின் பிந்தைய அறிக்கை பின்வாங்கியது. உதவித்தொகை தொடர்கிறது. நூறு சதவீதம் நிரூபணமாகும் வரை பிள்ளை காத்திருக்கக் கூடாது என்று ஒரு நாடு முடிவெடுத்தது. அந்த முடிவு எனக்கு நியாயமாகப் படுகிறது.

உங்கள் வீட்டில் இதைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். மருமகள் கிரகணத்தில் வெளியே போனாள், கத்தி எடுத்துக் காய் நறுக்கினாள் என்பார்கள். அது பொய். அவள் மேல் போட்ட பழியை எடுத்து உங்கள் மேல் போட்டுக்கொள்வதும் வேண்டாம். நீங்கள் பிழைப்புக்குப் பார்த்த வேலை அது. பாதுகாப்பு உடை கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கவில்லை.

உதடு பிளவு அறுவை சிகிச்சையில் நன்றாகச் சரியாகும். வளைபாதத்தை முதல் சில வாரங்களிலேயே மாவுக்கட்டுப் போட ஆரம்பித்தால் நேராகும். பிறந்ததிலிருந்து 18 வயது வரை குறைகளைக் கண்டறிந்து இலவசமாகச் சிகிச்சை தரும் மத்திய அரசுத் திட்டம் 2013இல் தொடங்கியது. தேனி மாவட்டத்துக்காரர்கள் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்கலாம். மலைமேல் இருப்பவர்கள் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆஷா பணியாளரிடம் சொன்னால் வழி காட்டுவார்.

தோட்ட வேலை இல்லை, பேட்டரிக் கடை. எனக்கும் இது பொருந்துமா?

உங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். ஈயம் ஆணின் விந்தணுவைக் குறைப்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். அதைவிடப் பெரிய ஆபத்து, சட்டையில் ஒட்டிய ஈயத்தூள். தவழும் பிள்ளை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும், தூள் உள்ளே போகும், மூளை வளர்ச்சி பாதிக்கும். பிள்ளைகளின் ரத்தத்தில் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழைய பேட்டரியை வீட்டு முற்றத்தில் உடைக்காதீர்கள், உருக்காதீர்கள். கடையிலேயே குளித்து, உடையும் செருப்பும் மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.

பெயின்டர், பசை வேலை, பெட்ரோல் பங்க் வேலை என்றால் பென்சீன் போன்ற கரைப்பான்கள். பென்சீன் பட்ட ஆண்களின் விந்தணுக்களில் மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களின் எண்ணிக்கை மாறுவதைச் சீனத் தொழிலாளர்களிடம் 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. காற்றோட்டம் முக்கியம். தின்னரில் கை கழுவும் பழக்கத்தை விடுங்கள்.

ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்துகிறவர்களுக்கு வெப்பம்தான் பிரச்சினை. விந்தகம் உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் வேலை செய்யும். 50 டிகிரி அறைக்குள் மணிக்கணக்கில் நின்றால் விந்தணு குறையும். பிள்ளைக்கு அதனால் குறை வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை, பிள்ளை உண்டாவது தள்ளிப்போகலாம்.

மணவாளக்குறிச்சி பக்கம் சொந்தக்காரர்கள் மணல் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். கதிர்வீச்சு இருக்கிறதாமே?

கன்னியாகுமரி மாவட்டத்தின் அந்தக் கரையிலும் கேரளத்தின் சவரா, கருநாகப்பள்ளி கரையிலும் மோனசைட் என்ற கனிமம் கலந்த மணலால் இயற்கையான கதிர்வீச்சு அதிகம். கேரளக் கரையில் பிறந்த குழந்தைகளைக் கண்காணித்த ஆய்வில் பிறவிக் குறை கூடுதலாகத் தெரியவில்லை. ஆலைக்குள் தூசிக்கு முகக்கவசம் அவசியம்.

பீடியும் குடியும்?

பீடி பிடிக்கும் அப்பாவின் விந்தணுவில் மரபணு முறிவு கூடுதல். பெற்றோர் புகைப்பதால் குழந்தைகளுக்கு ஒரு வகைக் கல்லீரல் புற்றுநோய் வரும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதி செய்திருக்கிறது. அது போக, மருந்து பட்ட விரலால் பீடியைப் பிடித்து இழுத்தால் மருந்தும் சேர்ந்தே உள்ளே போகும். குடி விந்தணுவைக் குறைக்கும். மருந்தடித்த களைப்புக்குக் குடிப்பவருக்குக் கல்லீரலில் இரண்டு சுமை.

பிள்ளைக்குத் தாய்ப்பால் கொடுக்கலாமா? அதில் மருந்து வராதா?

கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தும் அளவுக்கு எதுவும் இல்லை. அப்பா குளித்துவிட்டு வந்து பிள்ளையைத் தூக்கட்டும்.

மூன்று மாதம் வேறு வேலை கேட்டால் கொடுப்பார்களா? மருந்தடிக்குத்தான் கூலி அதிகம்.

கூலியை இழக்கச் சொல்வது எளிது, இழப்பவருக்குத்தான் அதன் வலி தெரியும். அதனால் நான் தம்பதிகளிடம் சொல்வது: முடிந்தால் கவாத்து, களை வெட்டு, காவல் என்று மாறுங்கள். முடியாவிட்டால் மருந்து கலக்கும் வேலையையாவது வேறொருவருக்கு விடுங்கள். கலக்காத மருந்து கையில் படுவதுதான் ஒரு நாளின் மிகப் பெரிய அளவு. ஓஸ் இழுப்பதும் துப்பாக்கி பிடிப்பதும் முறை வைத்து மாறினால் ஒருவர் மேலேயே எல்லாம் படாது.

முதலாளிக்கும் கடமை உண்டு. 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி மருந்தடிப்பவருக்குப் பாதுகாப்பு உடை கொடுக்க வேண்டும், வேலையில் சேர்க்குமுன்பும் அதன்பின் அவ்வப்போதும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். கோலினெஸ்டரேஸ் என்ற ரத்தப் பரிசோதனையில், நரம்பைத் தாக்கும் அந்த மருந்துக் குடும்பம் உடம்பில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியும். தனியாகப் போய்க் கேட்டால் மறுநாள் வேலை இல்லை என்பார்கள். ஒரு ஜீப்பில் வருகிற பத்துப் பேரும் சேர்ந்து கேளுங்கள்.

டாக்டரிடம் போகும்போது என்ன எடுத்துப் போக வேண்டும்?

டப்பாவின் லேபிளை கைபேசியில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு மருந்துக்கும் ஒன்று. "நீல டப்பா, நாற்றமடிக்கும்" என்று சொன்னால் டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது. மருந்தின் பெயர், வாரத்தில் எத்தனை நாள் அடிக்கிறீர்கள், கடைசியாக என்றைக்கு அடித்தீர்கள், இந்த மூன்றும் வேண்டும். பிள்ளை தங்கவில்லை, கரு கலைந்துகொண்டே இருக்கிறது என்றால் மனைவியை மட்டும் அனுப்பாமல் நீங்களும் போய் விந்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதற்கு முன் இரண்டிலிருந்து ஐந்து நாள் வரை உறவில்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மருந்தடித்த அன்று வியர்த்துக் கொட்டி, வாயில் எச்சில் ஊறி, கண்பாவை ஊசிமுனை போலச் சுருங்கி, சதை துடித்தால் அது விஷமேற்றம். உடையைக் கழற்றி உடம்பைக் கழுவிக்கொண்டே 108க்குப் போன் செய்யுங்கள். லேபிள் போட்டோவை ஆம்புலன்ஸ்காரரிடமே காட்டுங்கள். பிறக்கிற பிள்ளையைப் பதிவு செய்யும்போது தகப்பனார் தொழில் என்ற இடத்தில் "ஏலத்தோட்டத்தில் மருந்தடிப்பவர்" என்று முழுசாக எழுதச் சொல்லுங்கள்.